சவுக்குப் பலகைமேல் நாங்கள்

நடந்தது இவ்வளவுதான்:

1. வள்ளூரில் எங்களுக்கு இருந்த துண்டு நிலம் சாலைக்குப் போனது.
2. அதில் நின்ற சவுக்கு மரங்களை அப்பா வெட்டினார்.
3. சவுக்கை எல்லோரும் விறகுக்கும் சாரம் கட்டவும்தான் கொடுப்பார்கள். அப்பா பலகை அறுக்கக் கொண்டுபோனார்.

சிக்கல் மூன்றாவதில்தான். அந்த நிலத்தில் வீடு கட்டி, பெரிய மேசை போட்டு, எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வீடு இல்லையென்று ஆனபின், மேசையையாவது விடுவதில்லை என்று நின்றார்.

திருவொற்றியூரில் மர அறுவை மில் வைத்திருந்தவர் அப்பாவின் சிநேகிதர். மரங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். ஒவ்வொன்றும் அப்பாவின் தொடை அளவுதான் இருக்கும்.

"இன்னா மாமு, அடுப்புல வெக்கறத மிஷின்ல வெக்கச் சொல்றே? கோணிக்கினு போவும், அப்பால என்னைக் கேக்காதே."

"நெலம்தான் போச்சு. மரமாவது வூட்டுக்கு வரட்டும். அறு நீ."

ரம்பம் அலறியது. வெளியே சாம்பல் பூத்துக் கரடுமுரடாய் இருந்த மரம், உள்ளே ஈரமும் இளஞ்சிவப்புமாக இருந்தது. அறுத்து முடிப்பதற்குள்ளேயே பலகை தானாக வெளிப்பக்கம் வளைந்து விலகியது. யாரும் அதைத் தொடவில்லை. மரத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நம்பி, கூட வந்திருந்த தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கடற்காற்றில் சாய்ந்து வளர்ந்த மரம் அந்த இழுவிசையை உள்ளேயே வைத்திருக்கும், அறுத்ததும் அது விடுபடும் என்று பொறியியல் படித்தபோது தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் அந்தக் காட்சி சாதாரணமாகிவிடவில்லை.

ராயபுரத்து வாடகை வீட்டு மொட்டை மாடியில், நிழலான பக்கம் பார்த்து அப்பா பலகைகளை அடுக்கினார். காற்றோட்டத்துக்கு இடையிடையே குச்சி, இறுக்கிக் கட்டக் கயிறு, மேலே ஓரங்களில் கருங்கற்கள். நடுவில் நானும் தம்பியும். வளைவு நிமிர எடை வேண்டுமாம். தினமும் சாயங்காலம் அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம்.

"ரெண்டு நோஞ்சான் குந்திகினா பலகை நிமுந்துடுமா?" என்றார் அம்மா.

"நிமிரும், நிமிரும். பத்தலைன்னா நீயும் வந்து குந்து."

முணுமுணுத்துக்கொண்டே ஒருநாள் அம்மாவும் இறால் தட்டோடு ஏறி உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்த அப்பா, சட்டையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் அசையவில்லை. அசைந்தால் மேசை கெட்டுவிடும் என்று பயம்.

அந்தக் கருங்கற்களுக்கு முன் எங்கள் எடை ஒன்றுமேயில்லை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. எந்தச் சுமை எவ்வளவு என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார். இவை இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை.

பாதிப் பலகை நிமிரவே இல்லை, அடுப்புக்குப் போனது. மீதியில் ஒரு சின்ன மேசை வந்தது. நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கும். தம்பி பக்கத்துக் கால் ஆடும், அட்டை மடித்து வைத்திருக்கிறோம். இன்றும் அதில்தான் சாப்பிடுகிறோம்.