கறுப்பு ராஜாவின் தாண்டல்

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் என் வீட்டுக்காரரைச் செஸ்ஸில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோவண்டி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கழுவி வைத்த தட்டில் ஈரம் காய்வதற்குள் அவர் கட்டிலில் போர்டை விரித்துவிடுவார். நான் தோற்பேன். "என்னட்டி, இன்னைக்கும் அம்பேலா?" என்பார். அந்த ஒரு 'அம்பேலா'வுக்காகவே, சாவதற்குள் இந்த மனுஷனை ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

எங்கள் வீட்டில் எனக்கு எப்போதும் வெள்ளை, அவருக்குக் கறுப்பு. "வெள்ளைக்கு முதல் ஆட்டம். அதுக்குப் பதிலா கறுப்பு ராஜா ஒரே ஒரு தடவ குதிரை மாதிரி தாண்டிக்கிடலாம். அதுக்கு முன்னால செக் வாங்கியிருக்கப்படாது, அவ்வளவுதான். சரிக்குச் சரியாப் போச்சுல்லா?" என்று கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்தார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவரைச் சந்தேகப்படவா தோன்றும்? நான் யானையும் ராணியுமாக வளைத்து, மாட்டிக்கொண்டார் என்று நிமிரும்போது அவருடைய ராஜா சிப்பாய்களுக்கு மேலே தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். எத்தனை ஞாயிறு, ஏசப்பா!

போன வருடம்தான் போனில் செஸ் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். காலையில் ரயிலில் லேடீஸ் டப்பாவில், அதான் பெண்கள் பெட்டியில், ஏறி இடம் பிடித்துவிட்டால் ஆபீஸ் வரை என்னை யாரும் அசைக்க முடியாது. காதில் ஹெட்போன், போனில் ஒரு பையன் ஹிந்தியில் பாடம் எடுப்பான். ஒரே குதிரையை வைத்து ராஜாவையும் ராணியையும் சேர்த்து மிரட்டுவது எப்படி என்று அவனிடம்தான் படித்தேன். ராஜாவும் யானையும் ஒரே ஆட்டத்தில் இடம் மாறுகிற காஸ்லிங்கைப் பார்த்தபோது, "இது என்ன அநியாயம், ஒரே நேரத்துல ரெண்டு காயா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த மராத்திக்காரி திரும்பிப் பார்த்தாள். வடக்கத்திக்காரர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு போனோடு ஆட ஆரம்பித்தேன். அங்கே நான் கறுப்புதான் எடுப்பேன். வீட்டில் கிடைக்காத தாண்டல் போனிலாவது கிடைக்கட்டுமே என்ற ஆசை. ஆனால் ராஜா தாண்ட மாட்டேன் என்றது. விரலால் இழுத்துப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், போனை அணைத்துப் போட்டேன். எதற்கும் மசியவில்லை. அந்தப் பையனுடைய வீடியோவுக்குக் கீழே, "சார், கறுப்பு ராஜா ஒரு தடவை தாண்டலாமே, அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்" என்று எழுதினேன். ரயில் வடாலா ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. "ஆன்ட்டி, யே கௌன்சா கேம் ஹை?" இது எந்த ஊர் ஆட்டம் என்கிறான். கூடவே சிரிக்கிற மூஞ்சிகள், ஒரு வரிசை.

போனிலேயே தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு சட்டமே இல்லையாம். பத்தொன்பது வருடம்!

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இத்தன வருஷமா பொய் சொல்லி ஜெயிச்சியளா? வெக்கமா இல்ல?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் பதறிப்போனார். "பாகல் ஆயிட்டியாட்டி? கிறுக்கா புடிச்சிருக்கு? எங்க பட்டறைல எல்லாவனும் அப்படித்தான் ஆடுதான். வா, காட்டுதேன்" என்றார்.

அந்த ஞாயிறு அவர் சின்ன வயதிலிருந்து வேலை பார்க்கும் தாராவி தோல் பட்டறைக்குக் கூட்டிப்போனார். மிஷின்கள் நின்றிருந்தன. பை தைக்கிறவர்கள் இரண்டு பேர் தோல் கட்டின் மேல் போர்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். "ஏய், ராஜா ஒரு தடவ தாண்டுமா, தாண்டாதா? உங்க மைனிட்ட சொல்லு" என்றார் இவர்.

"தாண்டாம? ஏக் பார், ஒரு தடவ உண்டுல்லா மைனி" என்றான் அவர்களில் இளையவன்.

இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தேர்தலில் ஜெயித்த மாதிரி. எனக்கு மனது இளகிவிட்டது. பாவம், எந்தத் தப்பும் செய்யாத மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அப்போது அந்த இளையவன் தன் ராஜாவைத் தூக்கி, சிப்பாய்க்கு மேலே குதிரை மாதிரி தாண்டி வைத்தான்.

அது வெள்ளை ராஜா.

"ஏ தம்பி, வெள்ளை எப்படித் தாண்டும்?" என்றேன்.

"என்ன மைனி இப்படிக் கேக்கிய? ரெண்டு ராஜாவுக்கும் உண்டே" என்று சிரித்தான். என் வீட்டுக்காரர் தோல் கட்டை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் படியில் நின்று கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லாம இருந்திய?"

"மொதல்ல சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். நீ அப்படியே நம்பிட்ட" என்றார். படி ஏறிக்கொண்டே, "நீ திருப்பிக் கேக்கவே இல்லையேட்டி" என்றார்.

அது உண்மைதான். ரேஷன் கடையில் ஐம்பது கிராம் குறைந்தால் சண்டை போடுகிறவள் நான். என் ராஜாவும் ராஜாதானே என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போர்டை நானே விரித்தேன். "பட்டறைச் சட்டந்தான். ரெண்டு ராஜாவும் தாண்டும்" என்றேன். அவர் கறுப்பை அடுக்கினார். வழக்கம்போல அவர் ராஜா தாண்டியது. அவருடைய யானை என்னை நெருங்கியபோது என் ராஜாவைத் தூக்கினேன். தாண்டி வைத்தேன். அதற்குப் பிறகு டப்பாவில் படித்த குதிரைப் பாடம்தான். ராஜாவுக்குச் செக், கூடவே ராணி. ராணி விழுந்ததும் ஆட்டம் முடிந்த மாதிரிதான். கொஞ்ச நேரத்தில் மேட்.

அம்பேலா என்று கேட்கத்தான் பத்தொன்பது வருடமாகக் காத்திருந்தேன். வாயில் வேறு கேள்வி வந்தது.

"இது மாதிரி வேற என்னெல்லாம் எனக்குச் சொல்லாம வச்சிருக்கிய?"

ஒண்ணுமில்லை என்று அவர் உடனே சொல்லியிருந்தால், பொய்யோ நிஜமோ, நம்பியிருப்பேன். அவர் கீழே விழுந்த ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார்.