வெறும் வயிற்றோடு வரச் சொன்னவன்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: சுரங்கத்தில் பெர்மனென்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவர்கள் நான்கு பேர், கடைசிவரை கான்ட்ராக்டிலேயே கிடந்தவர்கள் என்னோடு சேர்த்து ஐந்து பேர், பெண் ஆலோசகர் ஒருவர், ரத்தம் எடுக்கும் பெண் ஒருவர், காவலாளி ஒருவர். பன்னிரண்டு தலை. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து லாரி ஏறும்போதெல்லாம் யாராவது விட்டுப்போய்விட்டார்களோ என்று எண்ணி எண்ணி, எங்கே போனாலும் தலை எண்ணுகிற புத்தி எனக்கு.

சுரங்கத்து ஆட்கள் ஒன்பது பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வந்திருந்தோம். கூட்டி வந்தவன் நான்.

மந்தாரக்குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மாதான் காரணம். அவருக்கும் வீட்டுக்காரர் இல்லை; என் மனைவி போய் எட்டு வருடம். நாலு இட்லிக்கு நாலு மணிநேரம் அவர் கடையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் தைரியம் வந்து, இனிமேல் சேர்ந்தே இருந்துவிடலாமா என்று கேட்டேன். கேட்டதோடு இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். மனைவி போன மறுவருடம், வெளியூரில் வேலை பார்த்த இடத்தில், இரண்டு முறை காசு கொடுத்துப் போயிருக்கிறேன். மூன்றாம் முறை வாசலோடு திரும்பிவிட்டேன். ஆணுறை என்றால் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறென்ன தெரியும்?

அவர் கத்தவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே, "ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்குவோம். மொதல்ல நான் போறேன். அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அடுத்த வாரமே போய்விட்டு வந்தார். அவருக்கு ஒன்றுமில்லை. நான்தான் மூன்று மாதமாக முட்டி வலி, பஸ் போய்விட்டது என்று சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கடைச் சுவரில் முகாம் நோட்டீஸ் ஒட்ட ஆலோசகர் வந்தார். "உங்க வயசுக்காரங்க வரவே மாட்றாங்கய்யா. நீங்க கூட்டிட்டு வாங்களேன்" என்றார். தனியாகப் பயப்படுவதைவிடக் கூட்டத்தோடு பயப்படுவது மேல் என்று தோன்றியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக் குடியிருப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றினேன்.

டெஸ்ட் என்றால் எனக்குத் தெரிந்தது சுரங்கத்து மெடிக்கல்தான். ஃபிட் என்று எழுதினால் சோறு. அன்ஃபிட் என்றால் கான்ட்ராக்டில் இருப்பவன் வேலையில்லாமல் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்தப் பயத்தில் ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்தேன்: "வெறும் வயித்தோட வாங்க. உப்பைக் கொறைங்க. ராத்திரி நல்லா தூங்குங்க." யாரும் என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.

முகாம் நடந்தது கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில். நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்தோம். எதிரே இலை இல்லை. முதல்நாள் கல்யாணத்துச் சாம்பார் வாசனை மட்டும் இருந்தது. ஒருவர் மூன்று நாளாக உப்பில்லாமல் மோர் குடித்துக்கொண்டிருந்தாராம். இன்னொருவர் கண் டாக்டரின் எழுத்துப் பலகையை மனப்பாடமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆலோசகர் ஒரு வாழைப்பழத்தை எடுத்து ஆணுறை போடும் விதத்தைக் காட்டினார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம். உப்பில்லாமல் இருந்தவர் மட்டும் பழத்தையே பார்த்தார்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணியே முப்பது வருஷம் ஆச்சும்மா. எனக்கு எதுக்கு இது?" என்றார் ஒருவர்.

"புள்ள பொறக்காம இருக்க ஆபரேஷன் போதுங்கய்யா. நோய் வராம இருக்க இதுதான் வேணும்."

"இந்த வயசுல எங்களத் தேடி யாரும்மா வரப்போறா?"

"வந்தா?"

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. "யோவ், ஆசையப் பாரு, மூஞ்சி சிவந்துக்கினு வருது!" என்று பக்கத்து ஆள் அவர் தொடையில் தட்டினார். அதன்பிறகுதான் எல்லோருக்கும் வாய் திறந்தது. கொசுவால் வருமா, ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா, சலூன் கத்தியால் வருமா என்று கேள்விமேல் கேள்வி. கொசுவாலும் தட்டாலும் வராது, கத்தியில் பிளேடை மாற்றச் சொல்லுங்கள் என்றார் ஆலோசகர்.

ரத்தம் எடுத்து முடிந்ததும் உப்பில்லாதவருக்குத் தலை சுற்றியது. "காலைல என்னங்கய்யா சாப்ட்டீங்க?" என்று கேட்டார் ரத்தம் எடுத்த பெண்.

"ஒண்ணும் சாப்புடலம்மா. மெடிக்கலாச்சே."

"இதுக்கு வெறும் வயிறே தேவையில்லையே! யாரு சொன்னது?"

எட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின.

அந்த வாழைப்பழத்தை உரித்து அவர் வாயில் வைத்துவிட்டு, இட்லிக் கடைக்குப் போன் போட்டேன். அரைமணி நேரத்தில் அந்த அம்மா ஆட்டோவில் அண்டாவோடு வந்து இறங்கினார். கல்யாண வீடு மாதிரிப் பந்தி நடந்தது. "யாரு வூட்டு விசேஷம்ங்க?" என்று காவலாளியும் வந்து உட்கார்ந்தார்.

முடிவை ஒவ்வொருவராகப் பாத்திர அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்கள். என் முறை வந்தபோது பாதி இட்லியைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனேன்.

"நான்-ரியாக்டிவ்ங்கய்யா."

"அப்படின்னா ஃபிட்டாம்மா?"

ஆலோசகர் சிரித்துவிட்டார். "உங்களுக்கு அந்தக் கிருமி இல்ல. ஆனா இங்க ஃபிட்டு, அன்ஃபிட்டுன்னு யாருக்கும் எழுதறதில்லைங்கய்யா. கிருமி இருந்தா மாத்திரை இருக்கு, இலவசமா. தெனம் போட்டுக்கிட்டு உங்க வயசத் தாண்டியும் நல்லா இருக்கலாம்." அதை யாராவது மூன்று மாதத்துக்கு முன்பே என் காதில் போட்டிருக்கக்கூடாதா?

வெளியே அந்த அம்மா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார். முடிவு எழுதிய காகிதத்தை நீட்டினேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தார். இரண்டாம் தரமும் படித்தார்.

"சரி, பேசலாம்" என்றார். கண் கலங்கியிருந்தது. உடனே குரலை மாற்றிக்கொண்டார். "அறுபது இட்லி, ஒண்ணு ஆறு ரூவா. முந்நூத்தி அறுபது எடுங்க."

சட்டைப் பையில் நூறுதான் இருந்தது. மற்றவர்களைப் பார்த்தேன். "பட்டினி போட்டது நீ, பந்தி போட்டதும் நீ, நீயே குடு" என்று கை கழுவப் போய்விட்டார்கள்.

"மீதியக் கல்யாணத்துல கழிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க. கடை வேற, வூடு வேற" என்றார் அந்த அம்மா, நூறை வாங்கிக்கொண்டே.

பதிவுக் கல்யாணம் ஆகி ஐந்து மாதமாகிறது. இப்போது இட்லிக்கு மாவரைப்பவன் நான்தான். அந்த இருநூற்று அறுபது ரூபாய் மட்டும் இன்னும் பாக்கி.