அஸ்லான் பார்க்காத பிறை

நான் பட்டறையில் சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு கல்யாணத் தோட்டின் இதழை ஊதுகுழல் தீயில் உருக்கிவிட்டேன். தங்கக் கம்பியை முறுக்கிப் பூவாக இழைத்த தோடு அது. அன்றே கொடுத்தாக வேண்டும். ஐந்தாம் இதழ் இருந்த இடத்தில் ஒரு சொட்டுத் தங்கம்தான் நின்றது. பக்கத்துப் பலகையில் இருந்த அஸ்லான் எட்டிப் பார்த்தார். தான் முடித்து வைத்திருந்த தோட்டை என் தட்டில் வைத்துவிட்டு, என்னுடையதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். முதலாளி பாரூக் வந்து சத்தம் போட்டபோது, "கை நழுவிருச்சு முதலாளி, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுறேன்" என்று திட்டையும் அவரே வாங்கிக்கொண்டார். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கெய்ரோவில் நகைக்கடைத் தெருவை ஒட்டிய எங்கள் சந்தில் பாதிப் பேருக்குத் தங்க வேலைதான். நாங்கள் கராயீ யூதர்கள். பிறையைக் கண்ணால் கண்டுதான் மாதத்தைத் தொடங்குவோம். மற்ற யூதர்களிடம் அச்சடித்த காலண்டர் உண்டு. அடுத்த வருஷப் பண்டிகை எந்தக் கிழமை என்று இப்போதே சொல்வார்கள். எங்களைக் கேட்டால், சாயங்காலம் வரை பொறுங்கள் என்போம். சந்து முனையில் அவித்த மொச்சை விற்கும் ஹம்தானுக்கு இது பெரிய வேடிக்கை.

"நாளைக்கு உங்களுக்குப் பண்டிகையா? மொச்சையைக் கூடப் போடவா, குறைச்சுப் போடவா?" என்பான்.

"ஆண்டவனுக்குத்தான் தெரியும்ப்பா."

"ஆண்டவனுக்குத் தெரியும். அஸ்லான்கிட்ட இன்னும் சொல்லலையாக்கும்!"

அப்படிச் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் எங்கள் ஜெபக்கூடத்திலிருந்து இரண்டு பேர் முகத்தம் மலை விளிம்புக்குப் போவார்கள். இரண்டு பேருமே பார்த்திருக்க வேண்டும். ஒருவர் சொல் செல்லாது. பார்க்காவிட்டால் அந்த மாதத்துக்கு முப்பது நாள். இருபது வருஷமாக அந்த இருவரில் ஒருவர் அஸ்லான். சூரியன் இறங்கும்போதே, பிறை எந்த இடத்தில் வரும் என்று விரலை நீட்டிக் காட்டிவிடுவார். அது தவறியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கு முப்பத்து மூன்று வயதானபோது, அவரோடு மலைக்குப் போக என்னை அனுப்பினார்கள். அவருக்கு நாற்பத்தெட்டு. அந்த வருஷம் அவருடைய வலது கண்ணில் பார்வை அவிந்திருந்தது. இடது கண்ணில் எப்போதும் புகை மூட்டம். வைத்தியர், நரம்பு கெட்டுவிட்டது, கண்ணாடிக்கு அடங்காது என்று சொல்லியிருக்கிறார். இது அவருக்கும் அவர் மனைவி பஹிய்யாவுக்கும் மட்டும் தெரியும். எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கம்பியை அவர் விரல்களே முறுக்கிக்கொண்டிருந்தன. முதலாளிக்குத் தெரிந்தால் அந்தப் பலகை போய்விடும். அவருக்கு வேறு வேலை தெரியாது. மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. ஆகவே எட்டு மாதமாக மறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

அது ஏழாம் மாதம் பிறக்கும் நேரம். எங்களுக்கு அதுதான் பெரிய மாதம். முதல் நாள் பண்டிகை, பத்தாம் நாள் விரதம், பதினைந்தில் கூடாரப் பண்டிகை. எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தைப் பிடித்துத்தான் எண்ண வேண்டும். வீடுகளில் சமையல் முடிந்திருந்தது. குழந்தைகளுக்குப் புதுத் துணி எடுத்து வைத்தாயிற்று.

நதிப் பக்கம் செங்கல் சூளைப் புகை படிந்திருந்தது. சூரியன் சிவந்து போய் இறங்கியது.

"இந்தக் காலத்துல பிறை உயரமா வராது தம்பி. சூரியன் போன இடத்துக்கு இடது பக்கம் பாரு. கையை நீட்டு. தரையிலேருந்து மூணு விரல்."

பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நகத்தை வெட்டிப் போட்டது போல, கொம்பு இரண்டும் இடது பக்கம் மேலே சாய்ந்து, இருந்தது.

"அண்ணே! அதோ! நீங்க சொன்ன அதே இடம்!"

"பார்த்தியா? நல்லாப் பார்த்தியா?"

"கொம்பு கூடத் தெரியுதே!"

"நல்லது" என்றார். அவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறை புகைக்குள் போகும் வரை அசையவில்லை. அவரும் பார்க்கிறார் என்றே நினைத்தேன். இறங்கும் வழியில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். முதல் தடவையே ஆண்டவன் எனக்குக் காட்டிவிட்டான் என்று அவ்வளவு சந்தோஷம்.

ஜெபக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கம்பளத்தில் ஆட்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தின் மாடியிலிருந்து பார்த்தவர்களுக்குப் புகைதான் தெரிந்ததாம். ஹாகாம், அதாவது எங்கள் சபையின் குரு, நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். என்னைக் கேட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், கொம்பு எப்படி என்று எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, பேனாவை மையில் தோய்த்தபடி, "நீயும் அதேதானே அஸ்லான்?" என்றார்.

தலையை ஆட்டியிருந்தால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

"எழுதாதீங்க ஐயா" என்றார் அஸ்லான். "நான் பார்க்கலை."

ஹாகாம் நிமிர்ந்தார். "அண்ணே, நீங்கதானே இடம் காட்டினீங்க!" என்று கத்திவிட்டேன்.

"இடம் எனக்குத் தெரியும். பிறை தெரியலை. தம்பி பார்த்தது உண்மை. அவன் கண்ணு நல்ல கண்ணு. எனக்குத்தான் பார்வை போயிடுச்சு. போன மாசம் மங்கலாத் தெரிஞ்சுது. இன்னைக்கு அதுவும் இல்லை."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு அஸ்லான்" என்றார் ஹாகாம் மெதுவாக. அவருக்கும் வீட்டில் சமையல் ஆகியிருந்தது.

"மலையிலேருந்து இறங்குற வரைக்கும் அதைத்தான் ஐயா யோசிச்சேன்."

ஹாகாம் நோட்டை மூடினார். "ஒரு சாட்சிதான் இருக்கு. நாளைக்கு முப்பதாம் நாள். எல்லாரும் வேலைக்குப் போங்க" என்றார்.

கம்பளத்தின் மறுகோடியில் பாரூக் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரும் எல்லாவற்றையும் கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் பிறை தடித்து, உயரமாக, வெகுநேரம் நின்றது. தெருவில் விளையாடின குழந்தைகளே கண்டுபிடித்துவிட்டன. முந்தின நாளே அது இருந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் விளங்கியது. முதல் நாள் சமைத்ததெல்லாம் புளித்துப் போயிருந்தது. கோபத்தை யார் மேல் காட்டுவது? ஜெபக்கூட வாசலில் ஒருவர், "என்ன அஸ்லான், இன்னைக்காவது தெரியுதா? இல்லை, இறக்கிக் கையில கொடுக்கணுமா?" என்றார்.

"வெள்ளையா உருண்டையா ஏதோ தெரியுது. ஆனா அது உன் வழுக்கையோ என்னவோ" என்றார் அஸ்லான். கேட்டவரே சிரித்துவிட்டார். ஆனாலும் அந்த மாதம் முழுக்க முணுமுணுப்பு ஓயவில்லை.

எனக்கும் மனம் ஆறவில்லை. இருந்த பிறையை இருந்தது என்று சொல்வதில் என்ன பாவம் என்று அவரிடமே கேட்டேன்.

"இருந்துச்சான்னு அவர் கேக்கலையே தம்பி. பார்த்தியான்னுதானே கேட்டாரு" என்றார்.

பண்டிகை முடிந்ததும் முதலாளி அவரைக் கம்பிப் பலகையிலிருந்து எழுப்பினார். "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நானும் கண்ணை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். இப்போ ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. கண்ணு தெரியாதவன் இழைச்ச தோட்டை எவன் வாங்குவான்?" என்றார். துருத்தி ஊதவும், பட்டறைக் குப்பையை அலசித் தங்கத்தூள் எடுக்கவும் வைத்தார். பாதிச் சம்பளம். மகள் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. பஹிய்யா கூலிக்கு ஜாக்கெட் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். ஏழு வருஷம் அந்தத் துருத்திப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். ஜெபத்துக்கு ஒருநாளும் தவறியதில்லை. மலைக்கு மட்டும் அதன் பிறகு போகவில்லை. நான் வேறு ஒருவரோடு போய்வந்தேன்.

பிறகு, யூதர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்றாகி, எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுப் புறப்பட்ட குளிர்காலம் வந்தது. அஸ்லானும் பஹிய்யாவும் மகள் இருந்த ஊருக்குக் கப்பலேறப் புறப்பட்டார்கள். அலெக்ஸாண்ட்ரியா ரயிலுக்கு நான் பெட்டி தூக்கிக்கொண்டு போனேன். பயணச் சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்து இரண்டாம் பெட்டியில் ஏற்றி உட்கார வைத்தேன். சீட்டுப் பரிசோதகர் வந்து, "மூணாம் பெட்டின்னு இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு, படிக்கத் தெரியாதா?" என்று விரட்டினார். மறுபடி இறங்கி, ஓடி, ஏறி உட்கார்ந்தார்கள்.

நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அஸ்லான் என் குரல் வந்த பக்கம் குனிந்தார்.

"டேய், உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா?"

"இல்லைண்ணே, இங்கே கொஞ்சம் இருட்டு."

"காலம்பற பத்து மணிக்கு என்னடா இருட்டு?"

பஹிய்யா முக்காட்டுக்குள் சிரித்தாள். வண்டி நகர்ந்தது. அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கே முதலாளிகிட்ட நீயே சொல்லிடு தம்பி. நான் எட்டு மாசம் மறைச்சேன், ஒரு நாள் நிம்மதியாத் தூங்கலை. ஹாகாம்கிட்ட சொன்ன அன்னைக்குத்தான் தூங்கினேன். இந்த மாசம் மலைக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லு."