ஆலயப் படியில் கோல்ஃப் ஷூ

எனக்குக் கோல்ஃப் பழக்கியது என் மகள். அவள் ஸ்காட்லாந்தில் நர்ஸ். அங்கே டவுன் பஸ்ஸில் போய் கோல்ஃப் ஆடிவிட்டு வருகிறவர்கள் உண்டாம். ஒரு விடுமுறைக்கு வந்தவள், பென்ஷன் வாங்கிக்கொண்டு பாறசாலை வீட்டில் டிவி முன்னால் சரிந்து கிடந்த என்னைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மட்டையைக் கையில் கொடுத்தாள். முதல் வீச்சில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, புல்தான் பறந்தது. ஆனாலும் ஆட்டம் பிடித்துப்போயிற்று. அவள் திரும்பிப் போன பிறகும், அங்கே உறுப்பினராயிருந்த பழைய ஆபீஸ் நண்பர் ஒருவரின் தயவில் நான் போய்வந்துகொண்டிருந்தேன்.

மைதானத்தில் மொத்தம் ஒன்பது குழிகள். ஐந்தாவதைத் தாண்டி நான் போனதே இல்லை. என் பழைய ஆபீஸ் ஷூ அந்தப் புல்மேட்டில் வழுக்கும், வழுக்காமல் ஊன்றி நடந்தால் கால் வலிக்கும். ஐந்தாவது குழி வந்ததும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். நெய்யாற்றின்கரையில் ஒரு கடையில் கோல்ஃப் ஷூ கேட்டேன். கடைக்காரர் யோசித்துவிட்டு ஃபுட்பால் பூட்ஸை எடுத்து வைத்தார். அதிலும் பந்து உண்டு, புல் உண்டு, அவரைக் குறை சொல்ல முடியாது.

இதையெல்லாம் போனில் மகளிடம் சொல்லிப் புலம்பியிருந்தேன். இந்த முறை வரும்போது ஒரு ஜோடி கோல்ஃப் ஷூ வாங்கி வந்துவிட்டாள். பால் வெள்ளை. அடியில் சின்னச் சின்ன ரப்பர் முள். பெட்டியில் வைத்தால் எடை கூடும் என்று விமானத்தில் கையிலேயே வைத்திருந்தாளாம். போட்டுப் பார்த்தேன். காலை நேரத்துப் பாஸஞ்சர் வண்டியில் நிற்கிறவர்கள் மாதிரி விரல்கள் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

நல்லா இருக்கா என்று கேட்டாள். கேட்கும்போது முகத்தில் அத்தனை ஆசை.

"நல்லா உண்டு மக்கா," என்றேன்.

"லீவு முடியதுக்கு முன்ன ஒம்பது குழியும் நாம ரெண்டுபேரும் ஒண்ணா ஆடி முடிக்கணும், அப்பா. அடுத்த லீவு எப்பம் கிட்டும்னு எனக்கே தெரியாது."

அன்றிலிருந்து எனக்கு வேறு கவலை இல்லை. எப்படியாவது அந்த ஷூவை இளக்க வேண்டும், அவளுக்குத் தெரியாமல் இளக்க வேண்டும். தேங்காயெண்ணெய் தடவினேன். ஈரப் பேப்பரைத் திணித்து வைத்தேன். அவள் தூங்கி எழுவதற்கு முன்னால் மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள். ஷூ மட்டும் மனம் இளகவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வேட்டிக்குக் கீழே அதையே மாட்டிக்கொண்டு ஆராதனைக்கும் போய்விட்டேன். வேட்டி கட்டி கோல்ஃப் ஷூ போட்ட முதல் சபைக்காரன் நானாகத்தான் இருப்பேன். போகிற வழியில் இரண்டு பேர் கேலி செய்தார்கள், நான் காது கேட்காதவன்போல் நடந்தேன். எங்கள் ஆலயத்துக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. எல்லாம் படியிலும் வராந்தாவிலும்தான் கிடக்கும். நானும் அங்கே கழற்றி வைத்துவிட்டுப் போனேன். சபையார் எல்லாரும் நாட்டுக்காகவும் நோயாளிகளுக்காகவும் ஜெபித்தபோது நான் என் கால் சுண்டுவிரலுக்காக ஜெபித்தேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஆசீர்வாதம் சொல்லி முடியவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. வராந்தாவில் ஒரே தள்ளுமுள்ளு. குடைகளுக்கு நடுவே குனிந்து என் வெள்ளை ஷூவைப் பிடித்திழுத்துக் காலை நுழைத்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. விரல்கள் தாராளமாகக் கால்நீட்டிப் படுத்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்ட ஜெபம் இவ்வளவு சீக்கிரம் கேட்கப்பட்ட அனுபவம் எனக்கு முன்னே பின்னே கிடையாது. மழையில் நனைந்துகொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, வேண்டுமென்றே சுற்று வழியாக வீட்டுக்கு வந்தேன்.

சேறு கழுவ ஷூவைத் திருப்பிய மனைவிதான் அடியில் இருந்த முள்ளெல்லாம் எங்கே என்று கேட்டாள். இது வேறு யாருடையதோ ஷூ. சாதாரண வெள்ளை நடை ஷூ, உள்ளே விரல் பக்கம் கொஞ்சம் பஞ்சு வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மகளின் முகம் வாடிப்போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் ஷூ தொலைந்த நிம்மதி, அந்த நிம்மதி வந்ததற்காக என்மேலேயே கோபம். மகள் அந்த ஜோடியைப் படமெடுத்து சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

மறுநாள் காலை ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஆரியங்கோட்டில் ரப்பர் வைத்திருக்கிறவர், உறவுக்காரப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு எங்கள் ஆலயத்துக்கு வந்திருக்கிறார். அந்த உறவுக்காரர்தான் குழுவில் வந்த படத்தைக் காட்டினாராம். காலில் என் மகள் வாங்கிய ஷூ. வெள்ளை போய்ச் செம்மண் நிறமாகி, முள்ளுக்கிடையில் ரப்பர் இலை ஒட்டியிருந்தது. கல்ஃபிலிருந்து மகன் வாங்கி வந்த ஷூ பெரிதாய்ப் போய், பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம்.

"தெரியாம மாத்தினதாக்கும் சாரே," என்றார். "ஆனா இதத் திருப்பிக் கேக்காதீங்க. மழையில எங்க சரிவுல நான் விழாம எறங்கினது இண்ணைக்குத்தான். வேணும்னா இதுக்க விலையத் தாறேன்."

விலை ஒன்றும் வேண்டாம், எனக்கு உங்கள் ஷூதான் சுகம் என்று வாய் தவறி உளறிவிட்டேன். மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சந்தோஷமாக ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனார். அவள் வெடுக்கென்று திரும்பி உள்ளே போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டின்போதும் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு மீன்குழம்பு இறங்கவில்லை.

விடிந்ததும் அவளே மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாங்க போவம் என்றாள். ரயிலில் எதிரே இருந்தவர் அது என்ன வாத்தியம் என்று மலையாளத்தில் கேட்டார். இன்னும் படித்துத் தீரவில்லை என்று நான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

நான் போட்டிருந்த அந்த நடை ஷூ அங்கேயும் ஆகும் என்று மைதானத்தில் சொல்லிவிட்டார்கள். மழை ஓய்ந்து புல் பளபளத்தது. ஒரு குழி, இரண்டு குழி, ஐந்தாவது குழி. மரத்தடி பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தேன். ஆறாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு இறக்கம் இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு பெரிய மாமரம் நிற்கிறது என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். அவள் பந்து தூரத்தில் விழும், என் பந்து பக்கத்தில் விழும், இருவருமாக அதைத் தேடிக்கொண்டு நடப்போம். இத்தனை சந்தோஷமாக நான் கடைசியாக எப்போது நடந்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. ஒன்பதாவது குழியில் என் பந்து ஓரத்தில் தயங்கி நின்று, பிறகு விழுந்தது.

புல்லிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். அவள் எதிரே உட்கார்ந்து என் காலைப் பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரலில் தோல் உரிந்த இடத்தை மெல்லத் தொட்டாள்.

"சின்ன வயசுல ஒங்க ஷூவுக்குப் பாலிஷ் போடும்போ உள்ள எட்டுன்னு எழுதியிருக்கும். அந்த அளவையே வாங்கினேன்," என்றாள். "காலு பரந்துபோச்சே அப்பா. நான் இல்லாத வருசத்துல பரந்ததாக்கும்."

காலை அவள் கையிலிருந்து எடுத்து மறுபடி ஷூவுக்குள் விட்டேன்.

"மக்கா, மொதக் குழியிலேருந்து இன்னொருக்கா போவமா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து என் ஷூ நாடாவைக் கட்டிவிட்டாள்.