நான் திருத்திப் படித்த புத்தகம்

பார்வை இல்லாத ஒரு மாணவிக்கு நான் ஒரு புத்தகத்தைப் பொய்யாகப் படித்துக் கொடுத்தேன். அச்சில் ஒன்று இருந்தது, என் வாய் வேறொன்றைச் சொன்னது. வயதாகிவிட்டது, கவனம் தப்பிவிட்டது என்றெல்லாம் காரணம் சொல்ல முடியாது. தெரிந்தே செய்தேன்.

செஞ்சியில் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று ஓர் உதவி மையம் இருக்கிறது. புத்தகங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வந்தது. எனக்கு நேரம் இருந்தது, குரலும் இருந்தது. என் குரலைப் பற்றி எனக்கு எப்போதுமே கொஞ்சம் கர்வம் உண்டு. உடனே கூப்பிட்டுப் பேசினேன்.

மையத்தின் பொறுப்பாளர் ஒரு பெண்மணி. முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். "சார், இங்க ஒரே ரூல்தான். அச்சுல என்ன இருக்கோ அதைப் படிக்கணும். பிழை இருந்தா பிழையோடவே படிங்க. பசங்க அதைக் கேட்டுத்தான் மேற்கோள் எழுதுவாங்க."

பெரும்பாலான புத்தகங்களை அங்கே ஸ்கேன் செய்து கணினியிடம் கொடுத்தால் அதுவே வாசித்துவிடுமாம். பேச்சு வழக்கில் அச்சான புத்தகம் என்றால் மட்டும் அந்தக் குரல் சொல்லுக்குச் சொல் தடுமாறும். அதற்குத்தான் மனிதர் வேண்டும். எனக்கு அனுப்பியது அப்படியொரு புத்தகம். செஞ்சியை அடுத்த அனந்தபுரம் பக்கத்தில் கூலி வேலை செய்யும் பெண்கள் பேசியதை, ஓர் ஆய்வாளர் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதித் தொகுத்திருந்தார். "நீங்க அந்தப் பக்கத்துக்காரர்தானே சார், உங்களுக்கு இது இயல்பா வந்துடும்" என்றார் பொறுப்பாளர்.

வரவில்லை. முதல் பக்கத்திலேயே ஒரு பெண் தன் தகப்பனிடம், "இன்னா நைனா, சாப்டியா?" என்று கேட்கிறாள். நான் படித்தது, "என்னப்பா, சாப்பிட்டீர்களா?" என்று. அடுத்து ஒரு வசவு வந்தது. அதைத் தாண்டிப் போனேன். அதற்குப் பிறகு புத்தகம் முழுக்க அப்படித்தான்.

வகுப்பில் 'இன்னா' என்று வாய் திறந்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, 'என்ன' என்று சொல்லும்வரை உட்காரவிடாத ஆசிரியனாக இருந்தேன். அதற்கும் முன்னால், கல்லூரி விடுதியில் நான் 'வாயப்பயம்' என்று சொன்னதற்கு மதுரைக்கார மாணவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். அன்றைக்கு என் ஊர்ப் பேச்சை விழுங்கினேன். இத்தனை வயதுக்குப் பிறகு அதை மறுபடி வெளியே எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. புத்தகத்துப் பெண்களுக்கு மரியாதை சேர்ப்பதாக வேறு நினைத்துக்கொண்டேன்.

பதிவைக் கேட்ட மாணவி திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவள். முதுகலை ஆய்வேட்டுக்காக, எங்கள் பகுதிப் பெண்கள் உறவினரை எப்படி அழைக்கிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை. என் குரலை நம்பித்தான் ஒரு முழு இயலை எழுதினாள்.

சில மாதங்கள் கழித்துப் பொறுப்பாளர் கூப்பிட்டார். துறைக் கருத்தரங்கில் அந்தப் பெண் எழுந்து, இந்தப் பகுதிப் பெண்கள் தகப்பனை 'அப்பா' என்றே அழைக்கிறார்கள், இவர்கள் பேச்சு எழுத்துத் தமிழை ஒட்டியே இருக்கிறது என்று படித்திருக்கிறாள். எதிரே எல்லோர் கையிலும் அச்சுப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் 'நைனா'. சிரித்துவிட்டார்கள். அந்த இயல் இனி உதவாது. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது.

"நீங்க மாத்திப் படிச்சீங்களா சார்?" என்று கேட்டார்.

"நீங்க அனுப்பின பக்கம் மங்கலா இருந்ததும்மா" என்றேன்.

போனை வைத்ததும், மொச்சை உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா மங்கலு? நீ இங்க குந்திக்கினு மாத்தி மாத்திப் படிச்சத நான் கேட்டுக்கினுதான இருந்தேன்? அந்தப் பொண்ணாண்ட போயி சொல்லிட்டு வா." என்னிடம் அவள் ஒருமையில் பேசுவது கோபம் வந்தால் மட்டும்தான்.

மறுநாள் சென்னை பஸ் ஏறினேன். வருகிறேன் என்று மட்டும் பொறுப்பாளரிடம் சொல்லியிருந்தேன். வளாக வாசலில் காவலாளியிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தபோது, வெள்ளைக் கோலுடன் நின்றிருந்த ஒரு பெண் என் பக்கம் திரும்பினாள்.

"செஞ்சி சாரா? குரல் தெரியுதே. வாங்க, கூட்டிட்டுப் போகத்தான் நிக்கேன்."

எனக்கு அந்த மாணவியே வழிகாட்டினாள். தரையில் புடைப்பு வைத்த மஞ்சள் ஓடுகளைக் கோலால் தொட்டபடி, சாதாரணமாகப் பேசிக்கொண்டே நடந்தாள். "அந்தா, வலது பக்கம் சாய்தளம் இருக்கு, பாத்து." மையம் நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு மூலையில், பார்வையற்ற மாணவன் ஒருவன் பதிலைச் சொல்லச் சொல்ல, தேர்வில் அவனுக்காக எழுதப்போகும் மாணவி எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னான். அவள் தப்பாகவே எழுதிவிட்டு, "உன் தலையெழுத்து" என்று சிரித்தாள். காது கேளாத இன்னொரு மாணவனுக்கு வகுப்பில் நடந்ததை அவன் நண்பன் தட்டச்சு செய்து காட்டிக்கொண்டிருந்தான். யாரும் யாருக்கும் தருமம் செய்வதுபோல் இல்லை. தண்ணீர்க் குழாயும் மின்விசிறியும் இருப்பதுபோல் அந்த உதவியும் இருந்தது. நான் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைத் திருத்தினேன். இப்படி அவர்கள் சொல்வதை அப்படியே வாங்கிக்கொண்டு உதவியதில்லை.

பொறுப்பாளர் முன்னிலையில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பக்கம் மங்கல் இல்லை, தெரிந்தே மாற்றினேன், கேட்டபோது பொய்யும் சொன்னேன்.

கோலை மடித்து விரித்தாள். "நான் என்ன கேக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்கல்லா சார்? அதுதான் வருத்தம். அன்னைக்கு எல்லாரும் சிரிக்கும்போது எதுக்குச் சிரிக்காங்கன்னே எனக்குத் தெரியல."

கோலை மேசையில் வைத்தாள்.

"சரி, இப்பம் 'இன்னா'ன்னு ஒருக்கா சொல்லுங்க, கேப்போம்."

சொன்னேன்.

"இது நியூஸ் வாசிக்க மாதிரி இருக்கு" என்றாள். பொறுப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும் புத்தகத்தை முதலிலிருந்து படித்துப் பதிவு செய்தேன். செஞ்சி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, கூடைக்காரப் பெண்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் சொல்லிப் பார்ப்பேன். "வாத்தியாராட்டமே இருக்குது" என்பாள் மனைவி. வசவுகளை ஒன்று விடாமல் படித்தேன். முதல் வசவைச் சொல்லும்போது ஜன்னலைச் சாத்தினேன். பாதிப் புத்தகத்துக்கு மேல் சாத்த மறந்துபோனேன்.

அந்தப் பெண்ணால் குறித்த நாளில் ஆய்வேட்டைக் கொடுக்க முடியவில்லை. ஒரு பருவம் தள்ளிப்போயிற்று. அவளோடு படித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போன பிறகு, அவள் மட்டும் விடுதியில் இருந்து அந்த இயலைப் புதிதாக எழுதினாள். அந்தப் பருவத்தை என்னால் திருப்பித் தர முடியாது. மையத்தில் இப்போது எந்தப் பதிவையும் இன்னொருவர் அச்சோடு வைத்துக் கேட்ட பிறகே மாணவருக்குக் கொடுக்கிறார்கள். அதற்கு 'செஞ்சி பார்ப்பது' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் தொடர்ந்து படித்து அனுப்புகிறேன். என் பதிவுகளையும் செஞ்சி பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும்.

வாய்மொழித் தேர்வு முடிந்த அன்று அவள் கூப்பிட்டாள். தேறியதை முதலில் சொல்லவில்லை.

"இன்னா நைனா, சாப்டியா?" என்றாள்.

திருநெல்வேலிப் பெண் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு, எங்கள் ஊர் இழுப்போடு வந்தது. வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை கேட்டிருந்தால் எழுப்பி நிறுத்தியிருப்பேன்.

"சாப்டேம்மா" என்றேன். "நீ இன்னா சாப்ட?"