தரிசு என்று காட்டிய வயல்

நன்னிலம் பக்கம் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது ஒரு மனு என்னிடம் வந்தது. நில உரிமையாளர் சென்னைவாசி. குத்தகைதாரர் அஞ்சம்மாள் சாகுபடியைக் கைவிட்டுவிட்டார், வயல் தரிசாகக் கிடக்கிறது, அவருடைய குத்தகைப் பதிவை நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

ஸ்தல விசாரணைக்கு பைக்கில் போனேன். உரிமையாளரின் காரியஸ்தர் ரோட்டோரம் காரோடு காத்திருந்தார். கோரை மண்டிய ஒரு வயலைக் கை நீட்டிக் காட்டினார்.

"அதான் சார். இந்த வெயில்ல நீங்க எதுக்கு எறங்கணும்? இங்கேர்ந்தே எழுதிக்கலாம்."

அந்த அக்கறைதான் எனக்கு உறுத்தியது. பக்கத்து வயலில் சம்பா கதிர் விட்டிருந்தது. அதன் வரப்பில் ஒரு அம்மா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி நடந்தேன்.

"அஞ்சம்மாள் நீங்கதானே? உங்க வயல் எதும்மா?"

"ஏன், அவரு சொல்லலையா? ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான நின்னீங்க."

"எல்லைக்கல்லக் காட்டுங்க. சும்மா பாத்துட்டுப் போறேன்."

"வெள்ளக்காரன் காலத்துல அளக்க வந்தவரும் சும்மா பாக்கத்தான் வந்தாராம். எங்க பாட்டன் திருத்துன நெலம் மிராசுதாரு பேருக்குப் போயிடுச்சு. கல்லெல்லாம் எனக்குத் தெரியாது."

வயல்களின் எல்லையும் சர்வே எண்ணும் குறித்த புலப்படத்தை விரித்துக் காட்டினேன். அதையும் அவர் நம்பவில்லை. கடைசியில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அந்தத் தரிசுதான் உங்க வயல்னு சொல்றாங்கம்மா."

அவர் முகம் மாறியது. விறுவிறுவென்று வரப்பு மூலைக்குப் போய், அங்கே கிடந்த வைக்கோலைக் காலால் தள்ளினார். அடியில் கல். யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்று மூடி வைத்திருந்தாராம். புலப்படத்தோடு ஒத்துப் பார்த்தேன். மனுவில் இருந்த சர்வே எண், பயிர் நின்ற வயலுடையது. தரிசு, உரிமையாளரே பயிரிடாமல் போட்டு வைத்திருந்த வேறு வயல்.

"தூரத்துல சரியாத் தெரியல சார்" என்றார் காரியஸ்தர்.

நான் எழுதிய அறிக்கையின் பேரில் மனு தள்ளுபடியானது. உத்தரவு நகல் வாங்க அஞ்சம்மாள் ஆபீசுக்கு வந்தார். நானே படித்துக் காட்டினேன்.

"உங்க பதிவு அப்படியே இருக்குங்க."

தலையாட்டிவிட்டு, நேரே எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அங்கிருந்த பெண்ணிடம் கொடுத்து முதலிலிருந்து படிக்கச் சொன்னார். எங்கள் ஆபீஸ் உதவியாளருக்குக் கோபம்.

"பயிர் இருக்குன்னு எழுதுனதே நீங்க. உங்களையே நம்பலையே சார்!"

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்று அவர் என்னை நம்பியிருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். நம்பாமல் இருந்ததுதான் அவருக்குப் பாதுகாப்பு. என் நாற்காலியில் எனக்கு அடுத்து யார் வந்து உட்காருவார் என்று எனக்கே தெரியாது.