இடப்பக்கம் இழுத்த டாக்சி

டாக்சித் தொழிலில் வாய் குறைந்த ஆள் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம். இன்ஷூரன்ஸ் கேட்கப் போனால் மட்டும் பிழைக்க முடியாது. தொண்ணூறுகளின் கடைசியில் கொச்சியில் மட்டாஞ்சேரி ஸ்டாண்டில் சொந்தமாக ஒரு அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி வைத்து நொந்துபோன உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. எனக்கும் அப்படித்தான் நடந்தது என்று சொல்லிக் கொஞ்சம் ஆறுதல் தேடுகிறேன், அவ்வளவே.

கடைத்தெருக் கோர்ட்

எங்கள் கடைத்தெருவில் வண்டியும் வண்டியும் உரசினால் யாரும் போலீசுக்குப் போவதில்லை. சுமை தூக்குகிறவர்களின் தலைவர் மூசாக்கா இரண்டு பேரையும் சாயாக்கடைக்குக் கூட்டிப்போவார். இடித்தவன் சாயா வாங்கித் தர வேண்டும், தகடு நிமிர்த்தும் கூலியையும் தர வேண்டும். இடிபட்டவன் அந்தச் சாயாவைக் குடித்துவிட்டால் பிறகு வாய் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

ஒரு மழைநாளில் மிளகு மூட்டை இறக்க வந்த லாரி பின்னால் எடுத்தபோது, ஓரமாக நின்ற என் காரின் முன் இடது மூலையில் இடித்தது. மட்கார்டு நசுங்கியது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். டம்ளரை நான் கீழே வைத்ததும் மூசாக்கா சொன்னார்: “அண்ணாச்சி குடிச்சாச்சு, காரியம் தீர்ந்தாச்சு. இனி இதைப் பத்தி ஆரும் மிண்டக் கூடாது.”

பாலத்தில்

நசுங்கிய காரை ஸ்டாண்டில் நிறுத்த எனக்கு மனம் வராது. அதே வாரம் பள்ளுருத்தியில் வர்கீஸ் மேஸ்திரியின் பட்டறையில் மட்கார்டை மாற்றிப் பெயின்ட் அடித்தேன். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பூச்சும் பூசச் சொன்னேன். கார் புதிதுபோல் வந்தது.

கொஞ்ச நாளில் அது இடது பக்கம் இழுக்கத் தொடங்கியது. டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தது. மாற்றினேன், அதுவும் தேய்ந்தது. எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு வாடிக்கையாக என் காரில் வரும் ஒரு டீச்சர், பாலத்தில் நான் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். கீழே காயல். அவர் சொன்னார்: “அண்ணாச்சி, வண்டி போற பக்கமே விட்டுடுங்க. அங்கேயும் ஒரு டாக்டர் இருப்பார்.”

ரசீது

ஆர்.டி.ஓ. ஆபீசின் வருடாந்தர டெஸ்டில் கார் தேறவில்லை. அடிச்சட்டமே வளைந்திருக்க வேண்டும், நிமிர்த்தாமல் டாக்சியாக ஓட்டக் கூடாது என்றார்கள். நிமிர்த்தும் செலவு என் கைக்கு எட்டாதது. அந்தக் கார் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். அப்போதுதான் வர்கீஸ் மேஸ்திரி, “ஃபுல் இன்ஷூரன்ஸ் கட்டறீங்கல்ல?” என்று ஞாபகப்படுத்தினார்.

என்ன சொல்வது என்று எர்ணாகுளம் படகிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கவுன்டரில் இருந்த அம்மா கேட்ட முதல் கேள்வியில் எல்லாம் மறந்துபோயிற்று. எப்போது நடந்தது என்றார். போன மழையில் என்றேன். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை, ஸ்டேஷனில் எழுதிவைத்தீர்களா என்றார். சாயா குடித்துத் தீர்த்துக்கொண்டோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அந்தச் சாயாவுக்கு ரசீது உண்டோ?”

போட்டோ

இருந்தும் மனமிரங்கி, வண்டியைப் பார்க்க ஒரு சர்வேயரை அனுப்பினார். பெரிய மனிதர் வருகிறாரே என்று விடியற்காலையிலேயே காரைக் கழுவி, பாலிஷ் போட்டு, முன்னால் முல்லைச் சரமும் கட்டிவைத்தேன். அவர் காமிராவோடு சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். கறுப்புப் பூச்சைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பழைய மட்கார்டைக் கேட்டார். அது எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.

கெஞ்சி உள்ளே உட்காரவைத்துக் கொஞ்சதூரம் ஓட்டிக் காட்டினேன். இழுப்பது அவருக்கும் தெரிந்தது; கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் என் தோளில் தட்டினார். “சங்கதி சரிதான் அண்ணா. ஆனா இழுக்கறதை நான் எப்படிப் போட்டோ எடுக்கறது?”

சாட்சி

கண்ணால் பார்த்தவர் யாராவது எழுதித் தந்தால் முயன்று பார்க்கலாம் என்று போகிற போக்கில் அவர் சொல்லிவிட்டுப் போனார். பார்த்தவர் மூசாக்கா. கேட்கக் கூச்சப்பட்டு, சாயாக்கடை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் அவரே கூப்பிட்டு விசாரித்தார். கேட்டுவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். கோபம் இல்லை, என் முகத்தைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. “நான் தீர்த்து வெச்ச கேசை நானே திறந்தா, நாளைக்கு இந்தத் தெருவுல என் பேச்சைக் கேட்டு எவன் சாயா குடிப்பான், அண்ணாச்சி?”

மணியனின் யோசனை

அவர் சொன்னதும் நியாயம்தான், நானும் குடித்தவன்தானே. சாட்சி இல்லாததால் இன்ஷூரன்ஸ் ஆபீசில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரன் மணியன் ஒரு வழி சொன்னான். போர்ட் கொச்சிப் பக்கம் ஆளில்லாத மதிலாகப் பார்த்து, அதே மூலையை மெல்ல இடித்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமாம். வீட்டு நிலைமை அப்படி, அவனையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

மதில் தெரிந்ததும் ஸ்டீயரிங்கை விட்டேன். கார் தானாகவே அதை நோக்கிப் போயிற்று. நெருங்கியதும் என் கை வலப்பக்கம் திருப்பிவிட்டது. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தேன், மறுபடியும் அப்படியே. என்னை நேர்மையானவன் என்று நினைத்துவிட வேண்டாம். புதுப் பெயின்ட் கண்ணில் பட்டது, கை கேட்கவில்லை. மணியன் தலையில் அடித்துக்கொண்டான். “இடிக்கவும் தெரியலை, இடிச்சதைச் சொல்லவும் தெரியலை. பிறகு உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இன்ஷூரன்ஸ்?”

பிரித்தபோது

டெஸ்ட் தேறாத கார் வீட்டு வாசலில் இன்னொரு மழைக்காலம் முழுக்க நனைந்தது. நான் வேறொருவர் காரை ஓட்டப் போனேன். கடைசியில் என் காரைப் பழைய வண்டி உடைக்கிறவரிடம் கொடுத்தேன். முன்னால் ஒட்டியிருந்த சாமி படத்தை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பியிருக்கலாம், உடைப்பதை நின்று பார்த்தேன். அவர் மட்கார்டைக் கழற்றினார், இன்ஜினை இறக்கினார், கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். அடிச்சட்டம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்படி, மடக்கிய முழங்கை போல வளைந்து கிடந்தது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இவ்வளவு பச்சையாத் தெரியுதே. நீங்க இன்ஷூரன்ஸ் கேட்கலையா, அண்ணாச்சி?”

இத்தனை வருடம் வண்டி ஓட்டி நான் கண்டது, காரை இடிக்க ஒரு லாரி போதும், இடித்ததை நம்பவைக்கக் காரையே உடைக்க வேண்டும் என்பதுதான்.